கொன்ஸ்ரன்ஸ் ஊதிப் பார்த்த மௌத்பீஸ்

இன்னொருவர் வாய் வைத்த பொருளை நீங்கள் உங்கள் வாயில் வைப்பீர்களா? "சீ" என்று முகத்தைச் சுழிக்கிறீர்கள். சரி. கொழும்புக் காலி வீதித் தேநீர்க் கடையில் நீங்கள் பிளேன்ரீ குடிக்கிற கிளாஸ் காலையிலிருந்து எத்தனை உதடுகளைக் கண்டது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். கழுவினால் போதும் என்பது உங்களுக்குத் தெரியும். சோப்புக்கும் தண்ணீருக்கும் சாதி தெரியாது, மதம் தெரியாது, ஆணா பெண்ணா என்றும் தெரியாது. இந்தச் சின்ன உண்மையை ஒப்புக்கொள்ள மனமில்லாத ஆண்களுக்காக, கொட்டாஞ்சேனையில் ஒரு பெண் எட்டு வருடம் தன் அடுப்படிக் குசினிக்குள் ஒளிந்து நின்று சாக்ஸபோன் ஊதினார்.

அவர் பெயர் கொன்ஸ்ரன்ஸ். ஜம்பட்டா வீதியில் தன் அண்ணன் வின்சன்றுடன் குடியிருந்தார். வயது நாற்பத்தொன்று. கலியாணம் கட்டவில்லை; "கேட்டு வந்தவங்களின்ர பல்லைப் பார்த்தாப் பிறகு மனம் வரேல்ல" என்பார். வெள்ளவத்தையில் டொக்டர் ஸாலிஹின் பல் வைத்திய நிலையத்தில் கட்டுப்பல் செய்வது அவருடைய தொழில். முன்னறையில் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறப்பவர்கள் யாரும் பின்னறையை எட்டிப் பார்ப்பதில்லை. தங்கள் சிரிப்பை டொக்டரே செய்து தந்தார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

அவர் கைக்குச் சாக்ஸபோன் வந்தது ஒரு விபத்தால். துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கும் வின்சன்ற், ஞாயிறுகளில் மாதா கோவில் பேண்டில் சாக்ஸபோன் ஊதுகிறவர். ஒரு திருநாள் பவனியில் வாத்தியத்தின் மௌத்பீஸ் கழன்று தார் வீதியில் விழுந்து நுனி உடைந்தது. புதியது வேண்டுமென்றால் சிங்கப்பூரிலிருந்து யாராவது கொண்டுவர வேண்டும். தலையில் கைவைத்துக்கொண்டு இருந்த அண்ணனிடமிருந்து கொன்ஸ்ரன்ஸ் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கா அழுறீங்கள்? இதுவும் ஒரு பல்லு மாதிரித்தானே."

மௌத்பீஸ் என்பது கடினமாக்கிய கறுப்பு றப்பரில் செய்த, தாராவின் சொண்டு, வாத்தின் அலகு, போன்ற ஒரு துண்டு. அதன் அடிப்பக்கம் தட்டையானது. நாணலில் சீவிய மெல்லிய தகடு ஒன்றை அங்கே வைத்துக் கட்டுவார்கள்; அதுதான் றீட். றீட்டுக்கும் சொண்டின் நுனிக்கும் இடையில் ஒரு சிறு வாய் திறந்திருக்கும். அந்தத் திறப்பு உள்ளே போகப் போக இரண்டு விளிம்பிலும் ஒரே அளவாக ஒடுங்கி மறைய வேண்டும். ஒரு விளிம்பு மற்றதைவிட ஒரு தலைமயிரின் பாதியளவு கூடிவிட்டால் போதும், வாத்தியம் எலி மிதிபட்டதுபோலக் கீச்சிடும்.

கொன்ஸ்ரன்ஸ் உடைந்த நுனியைக் கட்டுப்பல் பசையால் கட்டிவிட்டு, ஒரு கண்ணாடித் துண்டைக் குசினி மேசையில் வைத்தார். அதன்மேல் மிக நுண்ணிய சான்ட்பேப்பர். மௌத்பீஸை அதில் வைத்து எட்டுத் தரம் இழுப்பார், நிறுத்தி அளப்பார். அளக்கிற கருவி, கராஜில் மோட்டார் பிளக்கின் இடைவெளி பார்ப்பதற்கு வைத்திருக்கும் உருக்கு இதழ்கள். அளவை ஒரு கொப்பியில் எழுதிவிட்டு மீண்டும் நாலு இழுப்பு. கடைசிச் சோதனை வாயால்தான். றீட்டைக் கட்டி, பின்துவாரத்தை உள்ளங்கையால் அடைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு வாயிலிருந்து விலக்க வேண்டும். இரண்டு விளிம்பும் ஒத்திருந்தால் றீட் ஒட்டிக்கொண்டு, மூன்று எண்ணும்வரை நின்று, பிறகு 'டொப்' என்று விடும். கொப்பியில் உள்ள எண் பிழைக்கலாம். அந்த 'டொப்' பிழைக்காது.

அண்ணனின் மௌத்பீஸ் முன்னையைவிட நன்றாகப் பேசியது. ஹெந்தளையிலிருந்தும் வத்தளையிலிருந்தும் பேண்ட்காரர்கள் தேடி வந்தார்கள். வின்சன்ற் தங்கையைக் குசினிக்குள் கூட்டிப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, நீ வாய் வைச்சதெண்டு தெரிஞ்சா ஒருத்தனும் வரமாட்டான்."

"ஏன், எனக்கு வாய் மணக்குதோ?"

"அதில்ல. பொம்பிளை வாய் வைச்சா வாத்தியத்துக்கு ராசியில்லையாம். ஹெந்தளை பேண்ட் மாஸ்டர் சொன்னவர்."

"அந்தப் பேண்ட் மாஸ்டர் பால் குடிச்ச வயசில எங்க வாய் வைச்சவராம்? கேட்டுச் சொல்லுங்கோ."

கேட்க வின்சன்றுக்குத் தைரியம் வரவில்லை. ஆகவே முன்னறையில் மௌத்பீஸை வாங்குவதும் கொடுப்பதும் வின்சன்ற். குசினியில் இழைப்பதும் உறிஞ்சுவதும் ஊதுவதும் கொன்ஸ்ரன்ஸ். "வின்சன்றின்ர கை" என்று கொழும்பெல்லாம் பேச்சானது. வின்சன்றின் கைக்குப் பென்சில் சீவத் தெரியாது. பக்கத்து வீட்டு றோஸி அடிக்கடி, "உங்கட அண்ணன் இண்டைக்குப் பின்னேரம் என்ன அருமையா ஊதினார்!" என்று பாராட்டுவாள். அந்தப் பின்னேரம் வின்சன்ற் துறைமுகத்தில் நாற்பதடி உயரத்தில் இருந்திருப்பார். அந்தோனியார் ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் தோன்றினார் என்று நம்புகிற வீதி அது. வின்சன்றுக்கும் அந்த வரம் கிடைத்ததில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. ஒரு பெண் ஊதியிருக்கலாம் என்பதுதான் அவர்களால் நம்ப முடியாத அற்புதம்.

1996ஆம் ஆண்டு, மழை பொய்த்து மணிக்கணக்கில் மின்சாரம் வெட்டப்பட்ட மாதங்களில், நாகேந்திரம் டொக்டர் ஸாலிஹிடம் வந்தார். யாழ்ப்பாணத்து நாதஸ்வரக்காரர். முந்திய ஆண்டு ஊரே இடம்பெயர்ந்தபோது அவருடைய நாதஸ்வரம் உப்புத்தண்ணீர் குடித்து வெடித்துப்போனது. மனைவி பாலேஸ்வரியும் மகளும் வவுனியா முகாமில் நின்றார்கள். கொழும்புக் கலியாணங்களில் சாக்ஸபோன்தான் இப்போது நாகரிகம் என்று கேள்விப்பட்டு, பழைய வாத்தியம் ஒன்றைத் தேடிப் பிடித்து ஆறு மாதத்தில் பழகிவிட்டார். இப்போது மேல்வரிசையில் முன்பல் இரண்டு இல்லை.

"என்ன நடந்தது?" என்றார் டொக்டர்.

"படியில விழுந்தனான், டொக்டர்."

"எந்தப் படி?"

"சப்பாத்துப் போட்ட படி."

டொக்டர் வாயை அகலத் திறக்கச் சொன்னார். நாகேந்திரம் தங்கியிருந்த லொட்ஜைச் சுற்றிவளைத்த படையினர் அவரைப் பிடித்துப் போய், மூன்று நாள் விசாரித்து, "குற்றம் ஒன்றுமில்லை" என்று விட்டிருந்தார்கள். அடையாள அட்டையில் பிறந்த ஊர் யாழ்ப்பாணம் என்று இருந்ததற்காக ஒரு மனிதனின் பல்லை உடைக்கலாம். உடைத்தவனிடம் ஒரு கேள்வி கேட்க இந்த நாட்டில் ஒரு கதவு கிடையாது. அவன் பெயர்கூட எந்தக் கடதாசியிலும் ஏறாது.

நாகேந்திரத்துக்கு அழ நேரமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் இரும்புக்கடை முதலாளி கனகசபாபதியின் மகளுக்குக் கலியாணம். அவர் சைவக் கோவில் ஒன்றின் சபையிலும் பெரிய ஆள். நன்றாக ஊதினால் கோவிலில் வேலை தருவதாகவும், வேலை உண்டென்று கடிதம் எழுதித் தருவதாகவும் சொல்லியிருந்தார். அந்தக் கடிதம் இருந்தால்தான் வவுனியாவில் பாலேஸ்வரிக்கும் பிள்ளைக்கும் கொழும்பு வருவதற்கு இராணுவத்தின் பாஸ் கிடைக்கும்.

"நாதஸ்வரமெண்டால் உதடு போதும், மிஸ்," என்றார், பல்லின் நிறம் பார்க்க டொக்டர் அவரைப் பின்னறைக்கு அனுப்பியபோது. "இந்தச் சனியனுக்கு மேல்பல்லும் வேணுமாம்."

கொன்ஸ்ரன்ஸ் பல் செய்து கொடுத்தார். கண்ணாடியில் பார்த்தால் குறை சொல்ல முடியாத பற்கள். ஆனால் சாக்ஸபோனை வைத்து அழுத்தியதும் பற்களைத் தாங்கும் பிளேட் அண்ணத்திலிருந்து கழன்று நாக்கில் விழுந்தது. மூன்று தரம் முயன்றார். மூன்று தரமும் விழுந்தது. நாகேந்திரம் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"பல்லும் வாத்தியமும் ஒண்டோட ஒண்டு கொழுவுது, மிஸ். கொட்டாஞ்சேனையில வின்சன்ற் எண்டு ஒரு கைகாரர் இருக்கிறாராமே..."

"அவர் என்ர அண்ணன்தான். மௌத்பீஸைத் தந்திட்டுப் போங்கோ," என்றார் கொன்ஸ்ரன்ஸ்.

நாகேந்திரத்தின் வாய் அச்சு கையில் இருந்தது. மௌத்பீஸும் கையில் இருந்தது. இரண்டும் ஒரே மேசையில் ஒன்றாகக் கிடந்ததால்தான் கொன்ஸ்ரன்ஸுக்கு வழி தெரிந்தது. முன்பல் இரண்டும்தான் பொய். பக்கத்து வேட்டைப்பற்கள் சொந்தம், பாறை மாதிரி. பாரம் முழுவதும் வேட்டைப்பல்லுக்குப் போக வேண்டும். பொய்ப்பல் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். சொண்டின் மேல்பக்கத்தை நடுவில் தாழ இழைத்தார். இரு ஓரத்திலும் பிளேட் செய்கிற பசையால், வேட்டைப்பல் குந்துவதற்கு அரிசியளவில் ஒவ்வொரு மேடு கட்டினார். மின்சாரம் இல்லாததால் மோட்டார் சுழலவில்லை. எல்லாம் கை அரத்தால்தான். பசையில் ஒரு நிறம்தான் கைவசம் இருந்தது, பல்முரசு என்கிற ஈறின் ரோஜா நிறம். கறுப்புச் சொண்டில் ரோஜா நிறத்தில் இரண்டு பொட்டு. பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது.

ஒருநாள் வீடு திரும்பும்போது காவலரணில் பஸ்ஸை நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னார்கள். சிப்பாய் ஒருவன் மௌத்பீஸை இரண்டு விரலால் தூக்கினான்.

"மேக்க மொகத?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"சாக்ஸபோன் எக்கே கட, மல்லி," என்றார் கொன்ஸ்ரன்ஸ். சாக்ஸபோனின் வாய், தம்பி.

ஊதிக் காட்டு என்றான். பஸ் முழுக்கப் பார்த்திருக்க ஊதினார். உடலில்லாத அந்த வாயிலிருந்து தாரா கத்துவது போல ஒரு 'குவாக்' வந்தது. சிப்பாய்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, இன்னொரு தரம் கேட்டார்கள். எட்டு வருடமாகப் பேண்ட்காரர்களிடம் மறைத்த உண்மை காவலரணில் ஒரு நிமிடத்தில் அம்பலமானது. அங்கே யாருக்கும் அது குற்றமாகப் படவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் நாகேந்திரம் சாக்ஸபோனுடன் ஜம்பட்டா வீதிக்கு வந்தார். வின்சன்ற் வீட்டில் இல்லை. துறைமுகத்தில் ஏதோ சோதனை, வாசலை மூடிவிட்டார்களாம். விடிந்தால் கலியாணம். நாகேந்திரத்தை முன்னறையில் இருத்திவிட்டு, வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு கொன்ஸ்ரன்ஸ் உள்ளே போனார். உறிஞ்சினார். ஒன்று, இரண்டு, 'டொப்'. இடது விளிம்பில் இரண்டு இழுப்பு. ஒன்று, இரண்டு, மூன்று, 'டொப்'. பிறகு மெதுவாக மேலும் கீழுமாக ஐந்து சுரம்.

முன்னறையிலிருந்து குரல் வந்தது. "வின்சன்ற் அண்ணை குசினிக்குள்ளயோ நிக்கிறார்?"

கொன்ஸ்ரன்ஸ் வாத்தியத்தோடு வெளியே வந்தார். உதட்டைக்கூடத் துடைக்கவில்லை.

"இல்லை. நான்தான் ஊதினது. எட்டு வருசமா நான்தான் ஊதிறது. உங்களுக்கு அருவருப்பெண்டா வைச்சிட்டுப் போங்கோ. என்னட்ட வேற வழி இல்லை."

நாகேந்திரம் வாத்தியத்தை வாங்கினார். துடைக்காமல் அப்படியே வாயில் வைத்து, கீழேயிருந்து உச்சிவரை ஒரே மூச்சில் போய்த் திரும்பினார். பல் அசையவில்லை.

"மிஸ், மேளகாரர் எண்டாலும் எங்கட மூச்சு சாமிக்கு வேணும். ஆனா நாங்கள் தண்ணி குடிக்கச் செம்பைக் கேட்டால், கைக்குத்தான் ஊத்துவினம். ஆயுசு முழுக்க அப்பிடிக் குடிச்சவன் உங்கட எச்சிலைப் பாக்கிறதோ?" பிறகு குரல் இறங்கியது. "நாளைக்கு மட்டும் அண்ணையின்ர பேரையே சொல்லுவம். கடிதம் கைக்கு வரட்டும். நீங்களும் வாங்கோ, மேடு ஏதும் இளகினால் நான் துலைஞ்சன்."

ஒப்புக்கொண்டார்கள்.

மண்டபத்தில் முகூர்த்தத்துக்கு இருபத்தைந்து நிமிடம் இருக்கும்போது, கனகசபாபதி பட்டு வேட்டி சரசரக்க மேளகாரர் இருந்த பக்கம் வந்தார். வாத்தியத்தைக் குனிந்து பார்த்தார்.

"இதென்ன நாகேந்திரம், மௌத்பீஸுக்கு முரசு முளைச்சிருக்கு?"

"பல்லுக்குத் தாங்கு, ஐயா."

"ஆர் செய்தது?"

நாகேந்திரம் வாயைத் திறந்தார். அருகில் அரத்தைப் பையில் வைத்துக்கொண்டு நின்ற கொன்ஸ்ரன்ஸைப் பார்த்தார். அண்ணன் பெயரைச் சொல்லுங்கள் என்று கொன்ஸ்ரன்ஸ் கண்ணால் கெஞ்சினார். வவுனியா முகாமில் இரண்டு பேர் இந்த ஒரு பெயருக்காகக் காத்திருக்கிறார்கள்.

"இந்த மிஸ்தான் செய்தவ," என்றார் நாகேந்திரம். "ஊதிப் பாத்ததும் அவதான்."

கனகசபாபதியின் பார்வை கொன்ஸ்ரன்ஸின் கழுத்துச் சிலுவையில் போய் நின்றது. "தாலி கட்டேக்க ஊதிற வாத்தியத்தை ஒரு பொம்பிளை, அதுவும் வேதக்காரி, எச்சில்படுத்தினதோ? வேண்டாம். நீர் ஓரமா இரும். கசெற் போடுவம்."

தவில்காரர் கைகளை மடியில் போட்டுவிட்டார். நாகேந்திரம் சாக்ஸபோனைப் பெட்டிக்குள் வைக்கக் குனிந்தார். அந்த முதுகைப் பார்த்ததும் கொன்ஸ்ரன்ஸுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சத்தம் போடவில்லை. கனகசபாபதிக்கு மட்டும் கேட்கும்படி கிட்டப் போனார். மனிதர் வாயைத் திறந்தபோதே அதற்குள் இருந்த பற்களை அவர் அடையாளம் கண்டிருந்தார். எழுதியவருக்குத் தன் கையெழுத்துத் தெரியாதா?

"ஐயா, நீங்கள் போட்டிருக்கிற பல்லு ஆர் செய்தது?"

"டொக்டர் ஸாலிஹ். ஏன்?"

"டொக்டர் அச்செடுத்தவர். பல்லை நான் செய்தனான். இடப்பக்கம் கடைசி உரஞ்சுதெண்டு ரெண்டுதரம் திருப்பி அனுப்பினீங்கள். உங்கட வாயால வந்ததை நான்தான் கழுவி, என்ர கையால தேய்ச்சு அனுப்பினது. தை மாசத்தில இருந்து அதாலதான் சாப்பிடுறீங்கள். தேவாரமும் அதாலதான் படிக்கிறீங்கள்."

கனகசபாபதியின் நாக்கு தன்னையறியாமல் இடப்பக்கம் போய் வந்தது. "அது... அது கை. இது வாய். ரெண்டும் வேற."

அவர் பார்க்கவில்லை, மனைவி சரோஜினிதேவி பின்னால் வந்து நின்றிருந்தார்.

"வேற எண்டால் கழட்டித் தாங்கோ, இஞ்சாருங்கோ. மாப்பிள்ளை வீட்டாரைப் பொக்கை வாயோட வரவேற்பம். படத்துக்கும் வடிவா இருக்கும்."

"சத்தம் போடாதையும்!"

"நீங்கள்தான் போடுறியள். கசெற்றுக்குத் தாலி கட்டுறதுக்கோ நான் ஒரு பிள்ளையைப் பெத்து வளத்தனான்? நாகேந்திரம், நீங்கள் எடுங்கோ வாத்தியத்தை."

மணவறையில் தலைகுனிந்திருந்த மணப்பெண்ணின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து யாரோ கைக்குட்டை கொடுத்தார்கள்.

நாகேந்திரம் ஊதினார். முதலில் அடக்கமாக, புதுப் பல்லை நம்பாதவர்போல. இரண்டாவது சுற்றில் வேட்டைப்பற்கள் மேட்டில் இறங்கிக் குந்திக்கொண்டன. அதற்குப் பிறகு அவர் பல்லை மறந்தார், மண்டபத்தை மறந்தார். தாலி ஏறிய நேரம் கெட்டிமேளம் அதிர, அதற்கு மேலே சாக்ஸபோன் தனியாக ஏறி, யாழ்ப்பாணத்து வீதியில் நாதஸ்வரம் நிற்கும் உயரத்தில் நின்றது. காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் சன்னலால் எட்டிப் பார்த்தார்கள். கொன்ஸ்ரன்ஸ் மட்டும் இசையைக் கேட்கவில்லை. இடது விளிம்பை எண்ணிக்கொண்டிருந்தார். கீச்சு வரவில்லை. வரவேயில்லை.

பந்தி தொடங்கியது. சரோஜினிதேவி கொன்ஸ்ரன்ஸை உள்ளே கூப்பிட்டு உறவினர் வரிசையில் இருத்தினார். நாகேந்திரத்துக்கும் தவில்காரருக்கும் மண்டபத்தின் பின்பக்கம், ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் பாய் விரித்து இலை போட்டிருந்தார்கள். சற்றுமுன் அத்தனை பேரும் கண்கலங்கிக் கேட்ட மூச்சு அவர்களுடையதுதான். கொன்ஸ்ரன்ஸ் சோறும் பருப்புமாகத் தன் இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, முழு மண்டபமும் பார்க்க நடந்து போய், அந்தப் பாயில் உட்கார்ந்தார்.

"மிஸ், உள்ள பாயாசம் குடுக்கிறாங்கள்," என்றார் நாகேந்திரம்.

"இஞ்சயும் வரும். வராட்டி நான் போய் வாளியோட தூக்கிக்கொண்டு வாறன்."

வாளிக்கு முன்னால் வந்தவர் கனகசபாபதி. கன்னத்தைக் கையால் பொத்தியிருந்தார்.

"பிள்ளை, பல்லு முறுக்கிக்கொண்டு போச்சு. வடை கடிச்சனான். ஒருக்காப் பாரும்."

"இருங்கோ, ஐயா."

அங்கே கதிரை இல்லை. கோவில் சபைப் பெரியவர் பட்டு வேட்டியைச் சுருட்டிக்கொண்டு மேளகாரர் பாயில், நாகேந்திரத்தின் முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்தார். கொன்ஸ்ரன்ஸ் கைகழுவி வந்து பிளேட்டை வாங்கி, பையிலிருந்து அரத்தை எடுத்து, இடப்பக்கத்தை மெல்ல இழைக்கத் தொடங்கினார்.

"நாகேந்திரத்தாருக்கு ஒரு கடிதம் எழுதித் தாறதெண்டு சொன்னீங்களாம்."

பல் கொன்ஸ்ரன்ஸின் கையில். கனகசபாபதியால் தலையாட்ட மட்டுமே முடிந்தது.

"நாளைக்கே தருவீங்களோ?"

ஆட்டினார். தவில்காரர் திரும்பி உட்கார்ந்து சிரித்தார்.

கடிதம் மறுநாள் வந்தது. நாலு கிழமைக்குள் பாலேஸ்வரியும் மகளும் இரண்டு பையோடு கொழும்புக்கு வந்து இறங்கினார்கள். வின்சன்ற் தானே தூரிகை பிடித்து, 'கொன்ஸ்ரன்ஸ் – மௌத்பீஸ் திருத்துமிடம்' என்று கோணலாக ஒரு பலகை எழுதி வாசலில் தொங்கவிட்டார். ஹெந்தளை பேண்ட் மாஸ்டர் வருவதை நிறுத்தினார். இரண்டு மாதம் கீச்சிட்டுவிட்டுத் திரும்பி வந்தார். றோஸி மட்டும் இன்னும் நம்பவில்லை.

அந்தக் கலியாணம் நடந்த மண்டபத்தில் பின்பக்கத்துப் பாயை இன்னும் விரிக்கிறார்கள். உங்கள் ஊர் மண்டபத்திலும் விரிப்பார்கள். அடுத்த கலியாணத்தில் இலை முன்னால் உட்காருமுன் ஒரு நிமிடம் எழுந்து, வாத்தியம் வாசித்தவர்களுக்கு எங்கே இலை போட்டிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். புறம்பாகப் போட்டிருந்தால் வீட்டுக்காரரிடம் வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம். உங்கள் இலையைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள்.